அடியில் கிடந்த செதில்

திருகோணமலையில் புதிதாகக் கடை திறக்கப்போகிறவர்கள் இரண்டு பேருக்குச் சொல்லியனுப்புவார்கள். ஒருவர் நாடா வெட்டுகிற பிரமுகர். மற்றவர் சுதர்ஷிகா. பிரமுகர் வராவிட்டால் கடை சற்றுப் பிந்தித் திறக்கும். சுதர்ஷிகா வராவிட்டால் கடை திறந்தது அடுத்த தெருவுக்கே தெரியாது. இதை அவளே சொல்லுவாள், சிரிக்காமல்.

தொழிலை அவள் எங்கும் போய்ப் படித்தவளல்ல. பள்ளிக்கூடம் முடித்த கையோடு இரத்தினசிங்கம் என்பவரின் ஒலிபெருக்கி ஆட்டோவில் ஏறி, ஒரு புடைவைக்கடையின் மலிவு விற்பனையை ஒழுங்கை ஒழுங்கையாக அறிவித்ததுதான் தொடக்கம். அந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டோ ஓடிக்கொண்டே இருக்கும், கேட்கிறவர் வீட்டுக்குள்ளே இருப்பார். எந்த வீடும் முழு அறிவிப்பையும் கேட்பதில்லை. முன்வீட்டுக்குத் தலை போய்ச் சேரும், பின்வீட்டுக்கு வால் போய்ச் சேரும். மற்ற அறிவிப்பாளர்கள் தாளில் இருந்ததை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டு போனார்கள். சுதர்ஷிகா அதை விட்டுவிட்டாள். எந்த வீட்டுக்கு எந்த வசனம் விழுந்தாலும் அதற்குள் கடையும் இருக்க வேண்டும், பொருளும் இருக்க வேண்டும், வரவேண்டிய நாளும் இருக்க வேண்டும் என்று எழுதிப் பழகினாள். யாரும் சொல்லித் தரவில்லை. ஓர் ஒழுங்கைக்குள் போய்த் திரும்பி வரும்போது, படலையடியில் நின்ற பெண் "எந்தக் கடை எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டால் அந்த வசனம் பிழை. அவ்வளவுதான் அவளுடைய பாடநூல்.

பிறகு கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சில வருடம் இருந்தாள். அங்கே விளம்பரம் வேறு பாஷையில் பிறந்து வளர்ந்து, படமும் பிடித்து முடிந்த பிறகே தமிழுக்கென்று அவளுடைய மேசைக்கு வரும். படத்தில் ஒரு தாய் பிள்ளையிடம் சொல்லுகிற வார்த்தையை எந்தத் தமிழ்த் தாயும் சொல்லமாட்டாள் என்று தெரிந்தும், வாயசைவுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்து எழுத வேண்டும். அது அவளுக்கு ஒத்துவரவில்லை. திருகோணமலைக்கே திரும்பி வந்து அன்புவழிபுரத்தில் வீடு பார்த்தாள். துறைமுகப் பக்கம் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் தொழிலுக்கு அறை எடுத்தாள். யன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும், மூடினால் இரும்பு வெட்டுகிற சத்தம் பாதியாகும். பெரும்பாலும் மூடியே வைத்திருப்பாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. விளம்பரம் கேட்டு வருகிறவரின் கதையைப் பொறுமையாகக் கேட்பாள். ஆனால் அதை எழுதமாட்டாள். அவருடைய பொருளை வாங்குகிற ஆட்களைத் தேடிப் போவாள். தம்பலகாமத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் 'தரம் மிக்க அரிசி' என்று பெரிதாகப் போடச் சொன்னார்.

"தரம் மிக்க அரிசி தாங்கோ எண்டு சந்தையில ஆராவது கேட்டு வாங்கினதைக் கண்டிருக்கிறீங்களோ, ஐயா?"

ஆலைக்காரர் யோசித்துப் பார்த்து இல்லை என்றார். சுதர்ஷிகா சந்தையில் ஒரு காலை முழுக்க நின்றுவிட்டு வந்து, அங்கே ஒரு பெண் பக்கத்துப் பெண்ணுக்குச் சொன்னதையே எழுதினாள்: 'இரவுக்கு வைத்தாலும் குழையாது.' அந்தப் பதாகை இன்றைக்கும் கண்டி வீதியில் நிற்கிறது, ஒரு மூலையை யானை இழுத்துக் கிழித்த பிறகும்.

அப்படிப்பட்டவள்தான் கிண்ணியா ஹுஸ்னியாவின் கருவாட்டு விஷயத்தில் சறுக்கினாள்.

ஹுஸ்னியா தன் வீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய்களை வளைத்து நட்டு, மேலே தடித்த பிளாஸ்டிக் தாள் போர்த்தி, சுற்றிவர வலையடித்து ஒரு கூடாரம் வைத்திருந்தாள். தரை சீமெந்து. உள்ளே தட்டுத்தட்டாகக் கம்பிவலை, அதன்மேல் சூடை மீன். வெளியே இருந்து பார்த்தால் தக்காளி நட்டிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். கணவன் முனாப் விடியலில் போய் வள்ளம் கரைக்கு வரும் இடத்திலேயே மீன் எடுப்பான். செதில் உரசிக் கழுவி உப்பிடுவது அவளுடைய வேலை. கடற்கரையில் பாய் விரித்துக் காயவைத்த கருவாட்டை எத்தனை தரம் கழுவினாலும் கறியில் பல்லுக்குள் நறநறக்கும். ஹுஸ்னியாவின் கருவாடு நறநறக்காது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் அதற்கு வேறு பெயரே கிடையாது: மண் இல்லாத கருவாடு. அந்தப் பெயரை அவள் வைக்கவில்லை. வாங்கியவர்கள் வைத்தது. அவளுக்கென்று இருந்த சொத்தும் அதுதான்.

கொழும்பிலிருந்து பிரகலாதன் அழைத்தான். ஒருகாலத்தில் அந்த விளம்பர நிறுவனத்தில் சுதர்ஷிகாவுக்குப் பக்கத்து மேசை. இப்போது பல கிளைகள் உள்ள ஒரு பல்பொருள் அங்காடிக்குச் சாமான் தெரிவு செய்கிறவன். ஹுஸ்னியாவின் கருவாட்டை அவனுக்கு அனுப்பிவைத்ததே சுதர்ஷிகாதான்.

"சாமான் திறம், சுதா. ஆனா நீர் அனுப்பின படம் சரிவராது. அந்தக் கூடாரத்தைப் பாத்தா மருந்துக் கொம்பனி மாதிரிக் கிடக்கு. கடல் வேணும், வெயில் வேணும், ஓலைப்பாய் வேணும். அதைக் கண்டாத்தான் எங்கட ஆக்கள் உண்மையான கருவாடு எண்டு நம்புவினம்."

சுதர்ஷிகா ஒரு கணம் யோசித்தாள். மறுகணம் கடற்கரை எந்த நேரத்தில் நன்றாக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். தொழிலில் கை தேர்ந்தவர்களுக்கு வருகிற நோய் இது. கேட்ட பொருளை எப்படிச் செய்வதென்று உடனே தெரிந்துவிடுவதால், செய்யலாமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

கிண்ணியாக் கரையில் புதுப் பாய்களை விரித்து, ஹுஸ்னியாவின் காய்ந்த சூடையை அதன்மேல் வரிசையாக அடுக்கினார்கள்.

"நாங்க இங்க காயப்போடுற இல்லையே, அக்கா," என்றாள் ஹுஸ்னியா.

"காயப்போடேல்லை. படத்துக்கு விரிக்கிறம். மீன் கடல்ல இருந்துதானே வருது? இதில என்ன பொய்?"

ஹுஸ்னியா குனிந்து, கோணிக் கிடந்த மீன் ஒன்றை நேராக்கி வைத்தாள். படம் அழகாக வந்தது. மீனின் வெள்ளித் தோலில் காலை வெயில் பட்டது, பின்னால் குடாவின் நீலம், தூரத்தில் ஒரு வள்ளம். கீழே ஒரு வரி: 'கிண்ணியாக் கடற்கரை வெயிலில் காய்ந்தது.' பிரகலாதன் பார்த்துவிட்டு "இதுதான்" என்று மட்டும் எழுதினான். எந்த வாடிக்கையாளருக்கும் செய்கிற மாதிரியே சுதர்ஷிகா அதை ஹுஸ்னியாவின் பேஸ்புக் பக்கத்திலும், கிண்ணியா மூதூர் வட்சப் குழுக்களிலும் போட்டுவிட்டாள்.

கொழும்பில் பார்த்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். கிண்ணியாவில் பார்த்தவர்கள் மண்ணைப் பார்த்தார்கள்.

முதலில் பகிடிதான் வந்தது. "கூடாரம் பறந்து போச்சா ஹுஸ்னியா?" என்று ஒருத்தி. "இனி மண்ணையும் சேத்தா நிறுத்துத் தருவிய?" என்று இன்னொருத்தி. "எல்லாம் சரி, நாயை மட்டும் காணல்லயே படத்துல," என்று ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். அதற்கு ஐம்பது பேர் சிரித்தார்கள். பிறகு பகிடி நின்றது, அழைப்பும் நின்றது. வாராவாரம் எடுக்கிறவர்கள் இந்த வாரம் பார்ப்போம் என்றார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஆதிலா, ஹுஸ்னியாவிடம் தொடக்கத்திலிருந்தே வாங்குகிறவர், அழைத்துச் சொன்னார்: "இந்தக் கிழமை வேணாம் புள்ள. என்ட கடையில ஒருத்தன் பல்லுல மண் கடிச்சிட்டா அவன் திரும்பி வரமாட்டான்." அது மண்ணில் காய்ந்ததல்ல என்று ஹுஸ்னியா சொன்னாள். "நீ போட்ட படத்துலதானே பாத்தன்," என்றார் ஆதிலா.

ஹுஸ்னியாவும் முனாப்பும் அடுத்த நாளே மாடிப்படி ஏறி வந்தார்கள். ஹுஸ்னியா கதிரையில் உட்காரவில்லை.

"விளம்பரம் இல்லாம இருக்கக்குள்ள என்ட சாமானை ஆரும் பிழை சொல்லல்ல, அக்கா."

சுதர்ஷிகாவுக்கு இதைவிடக் கடுமையாக யாரும் எதுவும் சொன்னதில்லை. அவள் யன்னலை மூடினாள், இரும்பு வெட்டும் சத்தத்துக்காக.

"கொழும்பு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. எனக்கு இங்க பேர் வேணும்," என்றாள் ஹுஸ்னியா. "ஆதிலா ராத்தா வேணாமெண்டா, மத்தக் கடைக்காரரும் வேணாமெண்டுதான் சொல்லுவாங்க. எல்லாரும் அவட வாயைத்தான் பாக்கிற."

"படத்தை அழிச்சு விட்டாப் போதும்தானே?" என்றான் முனாப்.

சுதர்ஷிகா போனை மேசையில் வைத்து அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள். மீன் உண்மை. கடற்கரை உண்மை. வெயில் உண்மை. ஆட்டோவில் பழகியபடியே ஒவ்வொன்றும் தனியே நின்றது. சேர்த்து வைத்தால் பொய். வசனங்களைத் தனித்தனியே நிற்கவைக்கக் கற்றவள், அவை கூடி நின்று என்ன சொல்லும் என்று இந்த முறை பார்க்கவில்லை. அதைவிட மோசம், அவள் சந்தைக்குப் போகவில்லை. ஒரு குசினிக்குள்ளும் போய் நிற்கவில்லை. பிரகலாதன் சொன்னதைக் கேட்டு எழுதினாள். 'தரம் மிக்க அரிசி' எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

"பிழை என்னுடையது," என்றாள். "நான்தான் திருத்துவன். ஆனா அழிக்கமாட்டன்."

"ஏன்?"

"எல்லாரும் பாத்திட்டினம். இப்ப அழிச்சா, மண்ணில காயப்போட்டதை ஒளிக்கிறம் எண்டு கதைப்பினம். நாளைக்கு ஆதிலா ராத்தாட்டப் போவம். நீங்களும் வாங்கோ. கருவாடு மட்டும் கொண்டு வராதேங்கோ."

"கருவாடு இல்லாம என்னத்துக்கு?" என்றாள் ஹுஸ்னியா.

"வாங்கோவன்."

ஆதிலாவின் கடையில் காலைச் சாப்பாடு முடிந்து மதியத்துக்கு அடுப்பு மூட்டுகிற நேரம். சுதர்ஷிகா குசினி வாசலில் நின்று, கருவாடு வாங்கினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஆதிலா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவும் தெரியாமலா விளம்பரம் செய்ற?" என்று கேட்டுவிட்டு, கருவாட்டை எல்லோரும்போலச் சுடுதண்ணீரில் போட்டு ஊறவிடுவதாகச் சொன்னார். ஆனால் சட்டியில் அல்ல, வாயகன்ற வெள்ளைப் பேசினில்.

"சட்டி கறுப்பு. மண் கிடந்தாலும் தெரியாது. வெள்ளைப் பேசின்ல போட்டு, ஊறினதும் மீனை எடுத்திட்டு, தண்ணியை மெல்ல வார்த்தா அடியில உள்ளது தெரியும். புதுசா ஒருத்தர் கருவாடு கொண்டு வந்தா நான் விலை கேக்கிறதுக்கு முன்ன பேசினைத்தான் எடுப்பன். எங்கட ஊரில எல்லாரும் அப்பிடித்தான்."

சுதர்ஷிகா தலையை ஆட்டினாள். தேடி வந்தது கையில் கிடைத்துவிட்டது. இத்தனை வருடமாகக் கிண்ணியாவின் ஒவ்வொரு குசினியிலும் ஓடிக்கொண்டிருந்த விளம்பரம், அவள் மட்டும் பார்க்காமல் விட்டது.

"ராத்தா, அதை இப்ப ஒருக்காச் செய்து காட்டுவீங்களோ? நான் போனில எடுக்கிறன்."

"நான் நடிக்கமாட்டன்."

"நடிக்க வேண்டாம். கருவாடும் நீங்களே வாங்குங்கோ. மண் கிடந்தா மண் கிடக்கு எண்டு சொல்லுங்கோ. அதையும் போடுவன்."

ஹுஸ்னியா அவளுடைய கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "அக்கா, ஒரு மண் வந்தாலும் என்ட பேர் அதோட முடிஞ்சுது."

"உங்கட தட்டில மண் இருக்கோ?"

"இல்ல."

"பிறகேன் பயம்?"

"காத்து வீசுற ஊரக்கா இது. வலைக்குள்ளால என்ன வருமெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

சுதர்ஷிகா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். இழக்கப்போவது ஹுஸ்னியா, தானல்ல என்பது அவளுக்கு விளங்கியது. "வேண்டாமெண்டா விடுவம். நீங்கள்தான் சொல்ல வேணும்," என்றாள். "ஆனா வெட்டித் திருத்தி ஒரு படம் எடுக்கச் சொன்னா, அதை நான் எடுக்கமாட்டன். ஒருக்கா எடுத்தது போதும்."

ஹுஸ்னியா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு "எடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் குசினிக்குள் போனாள்.

ஆதிலா இரண்டு கடை தள்ளியிருந்த சஜீத்தின் பலசரக்குக் கடைக்குத் தானே நடந்து போய், கடற்கரைப் படம் வெளிவருவதற்கு முன்பே அங்கே தொங்கிக்கொண்டிருந்த ஹுஸ்னியாவின் கருவாட்டுப் பக்கெற் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். சுதர்ஷிகா போனை மேசையில் சாய்த்து நிறுத்தி, எடுக்கத் தொடங்கிவிட்டுத் தள்ளி நின்றாள். யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பேசினில் சுடுதண்ணீர் விழுந்தது. சூடை விழுந்தது. ஆதிலா கையைத் துடைத்துக்கொண்டு, காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்கமுடியாமல் வெங்காயம் உரித்தார். உரித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப அண்டைக்கு மண்ணுல விரிச்ச மீன் எங்க, புள்ள?"

"அதை விக்கல்ல, ராத்தா. வீட்டுல நாங்கதான் தின்னுறம்."

"கிழமை முழுக்க மண் கறி," என்றான் வாசலில் நின்ற முனாப். "என்ட பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. சுதாக்காவுக்கும் ஒரு சட்டி அனுப்புவம் எண்டா இவ விடுறாளில்ல."

ஆதிலா சிரித்தார். சுதர்ஷிகாவும் சிரித்தாள். ஹுஸ்னியா மட்டும் பேசினைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆதிலா மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பேசினைச் சரித்துத் தண்ணீரை மெல்ல வார்த்தார். கடைசித் தண்ணீர் அடியில் வட்டமாக நின்றது. அதில் பளிச்சென்று எதுவோ கிடந்தது. ஆதிலா விரலால் அதைத் தொட்டு, நுனியில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செதில்," என்றார். பிறகு விரலால் அடிமுழுக்கத் துடைத்தார், பெருவிரலோடு உரசிப் பார்த்தார். "செதில் ஒண்டு கிடக்கு. மண் இல்ல."

வெளியே வந்ததும் ஹுஸ்னியா கேட்டாள்: "அக்கா, அந்தச் செதிலை மட்டும் வெட்டி எடுக்க ஏலாதா? நல்லா உரசல்ல எண்டு நினைப்பாங்க."

"அந்தச் செதில்தான் எங்கட சாட்சி," என்றாள் சுதர்ஷிகா. "ஒண்டுமே இல்லாத பேசினைக் காட்டினா, கழுவிப்போட்டு எடுத்ததெண்டு சொல்லுவினம்."

படத்தை அவள் எந்த இடத்திலும் வெட்டவில்லை. இசை போடவில்லை. வெங்காயம் உரித்ததும் முனாப்பின் பல்லும் அப்படியே இருந்தன. கீழே இப்படி எழுதினாள்: 'கடற்கரையில் விரித்தது விளம்பரப் படத்துக்காக. விற்பது கூடாரத்தில் காய்ந்தது. அந்தப் படத்தை எடுத்தது நான், சுதர்ஷிகா.' கடற்கரைப் படத்துக்கு நேர் கீழே, அதே குழுக்களில் போட்டாள். தன் தொழிலுக்கு இது கெடுதலாகுமா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அவளிடம் விளம்பரம் கேட்டு வருகிறவர்கள் அவளுடைய குரலுக்காகத்தான் வருகிறார்கள். அந்தக் குரல் சொன்னால் உண்மையாக இருக்கும் என்று ஊர் நம்புகிறவரையில்தான் அது குரல்.

மறுபடியும் பகிடிதான் முதலில் வந்தது. "முனாப் நானாவுக்குப் பல் வைத்தியரைப் புடிச்சுக் குடுங்க." "செதிலுக்கும் சேத்துக் காசா?" மூதூரில் ஒருத்தி தன் வீட்டுப் பேசினின் அடியைப் படம் பிடித்துப் போட்டாள். அதில் செதிலும் இல்லை. "எனக்குச் செதில் வரல்ல, ஏமாத்திட்டீங்க," என்று எழுதியிருந்தாள்.

பிரகலாதன் அழைத்தபோது ஹுஸ்னியா அறையில் இருந்தாள், இந்த முறை கதிரையில். சுதர்ஷிகா அவளுக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

"சுதா, நல்ல படத்தைக் கெடுத்துப் போட்டீரே. எங்கட பக்கெற்றுக்குக் கடற்கரைதான் முடிவாகி இருந்தது."

"கடற்கரையைப் போட்டா சாமான் வராது."

"இது உம்மட முடிவோ, அவவின்ர முடிவோ?"

ஹுஸ்னியா போனுக்குக் கிட்டக் குனிந்தாள். "என்ட முடிவு. கூடாரத்தைப் போடுங்க. ஏலாட்டி வேணாம்."

"கூடாரம் வடிவில்லை, தங்கச்சி," என்றான் பிரகலாதன்.

"கொழும்பில குசினி இல்லையோ?" என்றாள் சுதர்ஷிகா. "உம்மட வீட்டில ஒரு பக்கெற் கிடக்குத்தானே. வெள்ளைப் பாத்திரம் ஒண்டை எடுத்து ஊறவிட்டுப் பாரும். பக்கத்தில வேற கொம்பனிக் கருவாட்டையும் போட்டுப் பாரும். பிறகு என்னோட கதையும்."

அவன் பார்த்தானா என்பதை அவள் கேட்கவில்லை. சில நாள் கழித்து, பக்கெற்றில் கூடாரத்தைக் கோட்டுப் படமாக வரைந்து போடலாமா என்று ஒரு செய்தி வந்தது. முதலில் நாலைந்து கிளைகளுக்கு மட்டும். வரைகிறவருக்கு வலையும் சீமெந்துத் தரையும் தெரிய வேண்டும் என்று சுதர்ஷிகா பதில் அனுப்பினாள்.

ஹுஸ்னியா அந்தச் செய்தியை வாசித்துவிட்டுத் தலையாட்டினாள். அவள் காத்துக்கொண்டிருந்தது அதற்கல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு, கூடாரத்துக்குள் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. ஆதிலா.

"வழமையா எடுக்கிறதை அனுப்பு புள்ள. என்ட தங்கச்சிட கடைக்கும் சேத்து அனுப்பு."

"சரி, ராத்தா."

"செதிலைக் கொஞ்சம் பாத்து உரசு."

"ஓம், ராத்தா," என்றாள் ஹுஸ்னியா. போனை வைத்துவிட்டு, உரசி முடித்ததென்று ஒதுக்கி வைத்திருந்த மீன் கூடையை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.